முள்ளெலி எழுதிய படகு

ஆலங்காட்டுப் பல்கலைக்கழகத்தில் ப்ரோகிராமிங் படித்த மிருகங்களிலேயே வேலப்பன் என்ற முள்ளெலிக்குத்தான் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனாலும் அந்த ஒரு பாடத்தில் அதற்கு இரண்டு தடவை அரியர் விழுந்துவிட்டது. மூன்றாவது தடவையும் போனால் பெயரை அடித்துவிடுவோம் என்று ஆபீஸிலிருந்து ஓலையும் வந்துவிட்டது.

அந்தக் காட்டில் கம்ப்யூட்டர் ஏது? ப்ரோகிராமை வாழை இலையில் எழுதிக் குளக்கரை யானையிடம் கொடுக்க வேண்டும். யானைதான் கம்பைலர். ஓர் எழுத்து தப்பினாலும் இலையைத் தின்றுவிடும். தப்பில்லை என்றால், எழுதியதை எழுதியபடியே செய்து தரும். கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

பாடம் என்னவோ சின்னதுதான். ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும், என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் வரைவுக்கு கிளாஸ் என்று பெயர். அந்த வரைவைப் பார்த்து உண்டாக்கும் பொருளுக்கு ஆப்ஜெக்ட் என்று பெயர். பழைய கேள்வித்தாள்களைப் புரட்டிய முள்ளெலி, கிளாஸ் பத்து மார்க், ஆப்ஜெக்ட் வெறும் இரண்டு மார்க் என்று கண்டுபிடித்தது. போனால் போகிறதென்று இரண்டு மார்க்கை விட்டுவிட்டது.

பரீட்சை நாளும் வந்தது. பரீட்சை வைக்க வந்த நாரை அக்கரையில் நின்றுகொண்டது. படகுக்கு ப்ரோகிராம் எழுதி, அந்தப் படகிலேயே ஏறி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் குளத்தைக் கடந்து வர வேண்டும். அதுதான் கேள்வி.

முள்ளெலி எழுதியது, எழுதியது, ஒன்பது இலை எழுதியது. அதன் படகு கிளாஸில் நாற்பத்திரண்டு வேலைகள் இருந்தன. படகு மிதக்கும், ஊஞ்சல் ஆட்டும், வெற்றிலை மடித்துக் கொடுக்கும், எதிரே வரும் படகைப் பார்த்து முறைக்கும்.

பக்கத்தில் அஞ்சலை என்ற தேரை அரை இலைகூட எழுதவில்லை. படகு என்றால் மிதக்கும் என்று ஒரு வரி. ஒரு புதுப் படகு செய் என்று இன்னொரு வரி. முள்ளெலி எட்டிப் பார்த்துச் சிரித்தது.

"ஏ அஞ்சலை, இது ப்ரோகிராமா, மளிகைச் சீட்டா?"

"எனக்கு அக்கரை போனாப் போதும்டா," என்றது தேரை.

யானை அதைப் படித்து, ஒரு பலகையைத் தண்ணீரில் தள்ளிவிட்டது. தேரை ஏறிப் போயே போய்விட்டது.

அடுத்து ஒன்பது இலைகளையும் யானை படித்தது. ஒரு தப்பும் இல்லை என்று தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தது. முள்ளெலிக்கு முள்ளெல்லாம் பூரித்துப் போனது. படகு எங்கே என்று அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு அழகாக எழுதியது இல்லாமலா போகும்? இல்லாத ஊஞ்சலைப் பிடிக்கக் கையை நீட்டியபடியே காலை எடுத்து வைத்துத் தண்ணீருக்குள் முழுகியது.

யானை அதைத் தூக்கிக் கரையில் போட்டது.

"தப்பே இல்லேன்னீங்களே அண்ணே," என்று முள்ளெலி இருமியது.

"தப்பு இல்லைதான் தம்பி. படகு எப்படி இருக்கணும்னு எழுதியிருக்கே. ஒரு படகு செய்யுங்கன்னு எங்கேயும் எழுதலையே."

முள்ளெலி அந்த ஒரு வரியைச் சேர்த்து நீட்டியது. நாற்பத்திரண்டையும் செய்து முடிக்கத் தை மாதம் ஆகிவிடும் என்றது யானை. வெயிலோ உச்சிக்கு நாலு விரற்கடை தூரத்தில் நின்றது.

முள்ளெலி தன் இலைகளைப் பார்த்தது. ஊஞ்சல் வரியில் அதன் கண் கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பத்தொரு வேலைகளையும் ஒவ்வொன்றாக அடித்தது. மிதப்பது மட்டும் மிச்சம் இருந்தது, ஒரு படகு செய் என்ற வரியும் இருந்தது. அடித்த இலைகளை எல்லாம் தின்றுவிட்டு, யானை ஒரு பலகையைத் தள்ளிவிட்டது.

முள்ளெலி நாலு காலாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி அக்கரை ஏறியபோது, அதன் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. நாரை நிழலைப் பார்த்தது, முள்ளெலியைப் பார்த்தது. சரியாகப் பாஸ் மார்க் போட்டது. அதற்கு மேல் கால் மார்க்கூட இல்லை.

எத்தனை அழகாகத் திட்டம் எழுதினாலும், அதைக் கொண்டு ஒன்றையாவது செய்து முடித்தால்தான் கரை சேர முடியும்.