தீபாவளி புக்கிங்குக்குத் துண்டு போட்ட கதை

சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஒரு ஆன்லைன் டிக்கெட் கம்பெனி. அதில் அர்த்தநாரி, பச்சியப்பன், மாதேஷ் என்று மூன்று சாஃப்ட்வேர் புலிகள். மூன்று பேருக்கும் மண்டை இருந்தது. தலைவாரிக்கொள்ள உபயோகப்பட்டது.

டிக்கெட் கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் டேட்டாபேஸோடு பேச ஒரு கனெக்‌ஷன் வேண்டும். இருப்பதே இருபதுதான். ஒருத்தர் வேலை முடிந்து திருப்பிக் கொடுத்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் புலிகள் புரோகிராம் எழுதிய லட்சணத்தில், சில கனெக்‌ஷன்கள் போனால் போனதுதான். அதனால் திடீர் திடீரென்று எரர் வரும். ரீஸ்டார்ட் செய்தால் போகும். மறுபடி வரும்.

முதலாளி செங்கோடன் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தீபாவளி புக்கிங். இந்த முறையும் மக்கர் பண்ணினால் எங்கள் நாற்பது பஸ்ஸின் டிக்கெட் விற்பனையையும் வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று பஸ்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சென்னையிலிருந்து லூர்துமேரி என்ற கெட்டிக்கார இன்ஜினியர் போனில் வழி சொன்னார். "எந்த இடத்துல கனெக்‌ஷனைத் திருப்பிக் குடுக்காம விடுறீங்கன்னு தேடிச் சரி பண்ணுங்க. கஸ்டமர் வர்றப்ப இருபதும் தயாரா இருக்கணும்."

முதல் பாதிக்கு யோசிக்க வேண்டியிருந்தது. அதனால் அதை விட்டுவிட்டார்கள்.

"இருபதும் கஸ்டமருக்குத் தயாரா இருக்கணும்னா, வேற எவனும் எடுத்துடக் கூடாதே?" என்றான் மாதேஷ்.

"பொங்கலுக்கு தர்மபுரி பஸ்ல எப்படிடா சீட் பிடிப்போம்?" என்று கேட்டான் டீம் லீடர் அர்த்தநாரி.

"ஜன்னல் வழியா துண்டு போடுவோம்," என்றான் மாதேஷ்.

"இதுலயும் போட வேண்டியதுதானே!"

பச்சியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, இந்த மூளையை வெச்சுக்கிட்டு நீங்க சேலத்துலயா கிடக்கணும்!"

இருபது கனெக்‌ஷனையும் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு புரோகிராம் எழுதி, அதற்குத் 'துண்டு' என்றே பெயர் வைத்தார்கள். ஜென்மத்தில் அவர்கள் தப்பில்லாமல் எழுதிய ஒரே புரோகிராம் அதுதான். கொடுமை என்னவென்றால், அருமையாக வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்குத் துண்டு விழுந்தது. பத்து மணிக்கு ஊர்ப்பட்ட ஜனம் வெப்சைட்டில் வந்து மோதியது. பத்தேகால் வரை ஒரு டிக்கெட்கூடப் போகவில்லை. செங்கோடன் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

"கனெக்‌ஷன் எல்லாம் எங்கடா?"

"பத்திரமா இருக்கு ஓனர். இருபதும் நம்ம பிடியில," என்றான் அர்த்தநாரி.

"யாருக்குடா பிடிச்சு வெச்சிருக்கீங்க?"

"கஸ்டமருக்குத்தான்."

"அந்தக் கஸ்டமர்தாண்டா வெளிய நின்னு கத்துறான்!"

"ஆயிரக்கணக்குல நிக்கிறாங்க ஓனர். அதுல நாம பிடிச்சு வெச்ச இருபது பேர் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றான் மாதேஷ், ரொம்ப நியாயமாக.

"விட்டுத் தொலைங்கடா!"

விட்டார்கள். அடுத்த நொடியே டிக்கெட் போக ஆரம்பித்தது. பத்து, முப்பது, அறுபது. செங்கோடனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பஸ்காரர்களின் தலைவருக்குப் போன் போட்டு, "சரியாயிடுச்சுங்க, நீங்களே பாருங்க," என்றார்.

அர்த்தநாரி திரையைப் பார்த்துப் பதறினான். "ஐயையோ! கையை எடுத்த அரை நிமிஷத்துல எவனெவனோ பூந்து இருபதையும் பிடிச்சுட்டான்டா!"

பச்சியப்பனுக்குச் சமயோசிதம் ஜாஸ்தி. பாய்ந்துபோய் ரீஸ்டார்ட் செய்து அத்தனை பேரையும் வெளியே தள்ளினான். கையோடு மறுபடி துண்டைப் போட்டான்.

போனில் அந்தப் பக்கம் டிக்கெட் மறுபடி நின்றுபோனதைப் பார்த்த தலைவர், நாற்பது பஸ்ஸும் இனி உங்களுக்கு இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். செங்கோடன் தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்தார். அர்த்தநாரி அவருக்குத் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் குந்தி, பாசத்தோடு சொன்னான்:

"கவலைப்படாதீங்க ஓனர். இருபதையும் மீட்டாச்சு. இனி கஸ்டமர் வர வேண்டியதுதான் பாக்கி."