மேனேஜர் கொக்கு கேட்ட மாலை

கொக்கு கழுத்து நட்டுவெச்ச கம்பு மாதிரி நேரா இருந்த காலம் அது. அந்தக் காலத்துல எல்லா ஜீவனும் பேசும். எறும்பு வாயைக்கூட மூட முடியாது.

காட்டுல ஒரு நெல்லு குடோன். யானை முதலாளி, கொக்கு மேனேஜர். மூட்டை தூக்க எறும்புங்க, உமி ஊத மைனா தவசி, நெல்லு உரிக்க அணில் பூவாயி. மேனேஜருக்கு என்ன வேலைன்னு கேக்குறீங்களா? ஒத்தக் கால்ல நிக்கிறதுதான். கண்ணு மூடியே இருக்கும். தூங்குறாரா, பாக்குறாரான்னு ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பயத்துலயே வேலை நடக்கும்.

மேனேஜர் ஆனதுலேர்ந்து அவரு பேச்சும் மாறிப்போச்சு. "தின்னியா"ன்னு கேக்க மாட்டாரு. "உணவு அருந்தியாயிற்றா?"ம்பாரு. அதுவும் மூக்காலயே.

அன்னிக்குப் பொழுது சாயறப்ப பூவாயி தங்கச்சிக்குக் கல்யாணம். அந்தப் புள்ளைக்கு அம்மா அப்பா கெடையாது. அக்கா வந்து கையைப் பிடிச்சுக் குடுத்தாத்தான் தாலி ஏறும். மத்தியானமே பூவாயி மேனேஜர் முன்னாடி போய் நின்னா.

"ஐயா, தங்கச்சிக்குக் கல்யாணம். கொஞ்சம் முன்னாடியே..."

"போன மாதமும் திருமணம் என்றாய்."

"அது எனக்குங்க."

"விடுப்பு இல்லை. நான் எடுக்கிறேனா?"

பூவாயி கண்ணைத் தொடைச்சிக்கிட்டே திரும்பி வந்தா. பின்னாடியே தவசி ஓடி வந்தான். மைனாவாச்சே, கேட்டதைக் கேட்ட குரல்லயே சொல்லுவான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு ஒரே ஒரு மாலை கிடைத்தால் போதும்"னான். "இப்படித்தான் அக்கா, மனுசன் தனியா நின்னு பொலம்புறாரு."

"மாலையா? அவ்வளவுதானே. போட்டுட்டா குளுந்துபோய் விட்டுடுவாரு."

எறும்புங்க காட்டுல இருந்த பூவையெல்லாம் பறிச்சிக் கொண்டாந்தாங்க. "எத்தனை மொழம் அக்கா?"

"அந்தக் கழுத்தைப் பாத்துட்டுமா மொழம் கேக்குறீங்க? கட்டிக்கிட்டே இருங்க."

கண்ணு மூடி நின்னவரு கழுத்துல சுத்து சுத்துன்னு சுத்தினாங்க. கனம் தாங்காம கழுத்து வளைஞ்சு மடங்கிப்போச்சு. பூவுக்குள்ளேர்ந்து ஒரு குரல் வந்துச்சு. இப்ப மூக்கால வரல.

"யாருடா எனக்கு மாலை போட்டது?"

"நீங்கதானேய்யா கேட்டீங்க."

"அடப் பாவிங்களா, நான் கேட்டது சாயங்காலம்டா. பொழுது சாயறப்பதான் ஏரியில அயிரை மீனு மேல வரும். மேனேஜர் ஆனதுலேர்ந்து ஒரு அயிரை என் வாயில படல. நான் நகந்தா நீங்க வேலை பாக்க மாட்டீங்கன்னு இங்கயே கெடக்குறேன்."

"அதைச் சாயங்காலம்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல"ன்னான் தவசி. எறும்புங்க தலையைக் குனிஞ்சு அவங்கவங்க ஆறு காலையும் பாத்துக்கிட்டாங்க.

பூவாயி மட்டும் விடல. "ஐயா, ஊருல மாலை யாருக்குப் போடுவாங்க?"

"மாப்பிள்ளைக்கு."

"அப்புறம்?"

"பொணத்துக்கு."

"ரெண்டு பேருல யாராச்சும் மாலையோட வேலை பாத்துப் பாத்திருக்கீங்களா?"

கொக்கு யோசிச்சாரு. காலை மாத்தி வெச்சும் யோசிச்சாரு. "இல்லை."

"அப்ப கெளம்புங்க."

"முதலாளி கேட்டா?"

"மேனேஜருக்கு மரியாதை பண்ற நாளுன்னு சொல்லுவோம். அதைத் தப்புன்னு யாரு சொல்லுவா?"

கொக்கு மாலையோடயே ஏரிக்குப் பறந்தாரு. அவரு தலை மறைஞ்சதுதான் தாமதம், குடோன்ல ஒரு ஈ எறும்பு கெடையாது. பூவாயி ஒரே ஓட்டமா ஓடி, தங்கச்சி கையைப் பிடிச்சுக் குடுத்தா. மாப்பிள்ளை கழுத்துல மட்டும் வெறும் தழை. காட்டுப் பூவெல்லாம்தான் மேனேஜர் மேல இருக்கே.

அன்னியிலேர்ந்துதான் கொக்குக்குக் கழுத்து கோணல். வேலை செய்யிற எடத்துல வருசத்துக்கு ஒரு நாள் மேனேஜருக்கு மாலை போடுறதும் அன்னியிலேர்ந்துதான். மாலை அவருக்கு. சாயங்காலம் நமக்கு.