முப்பதாவது மாடியில் யார் பெயர்?

பெரிய ஃபேனால் புயல்காற்றை வீசிப் பார்க்கும் காற்றுச் சோதனைக்கூடத்தில் மாதிரிக் கட்டடங்கள் செய்யும் அஞ்சலையிடம் பில்டர் தணிகாசலம் உறுமிவிட்டுப் போயிருந்தார்: "நாளைக்கு வீடு வாங்குறவங்க வர்றாங்க. ஃபேன் பாதி வேகத்துலதான் சுத்தணும். இல்லைன்னா உனக்கு வேலை இல்லை!"

மறுநாள் வீடு வாங்க வந்த கூட்டத்தின் முன் ஃபேன் அப்படியே சுற்றியது. மாதிரியின் முப்பதாவது மாடி பால்கனியில், காற்றின் வேகம் தெரிய ஒட்டிய நூல் லேசாக ஆடியது.

"தென்றலம்மா, தென்றல்!" என்றார் தணிகாசலம்.

"தென்றலேதான்!" என்று அவர் குரலிலேயே இழுத்தாள் அஞ்சலை. "ஃபேனைப் பாதியாக் குறைக்கச் சொன்ன மாதிரி புயலுக்கும் சொல்லிட்டீங்கல்ல? அப்ப இந்த வீட்டுல ஐயா பேரையே ஒட்டிடவா? குடும்பத்தோட குடிவந்துடுங்க."

"ஐயய்யோ, எனக்கு ரெண்டாவது மாடி போதும்!" என்று பதறினார் அவர்.

"அப்ப எங்க புள்ளைங்கதான் பறக்கணுமா?" என்று கூட்டம் சீறியது. "முழுசா சுத்த விடும்மா!"

விட்டாள். நூல் பிய்த்துக்கொண்டு பறந்தது. அதற்கு முன்பே தணிகாசலம் வாசலைத் தாண்டியிருந்தார்.