பையில் வந்த மீன் சந்தை

தளவாய்நகரில் புத்திசாலிகளுக்கா பஞ்சம்? ஆனாலும் ஊர்க் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்கும் வேலை போயும் போயும் சடையன், அங்கமுத்து, வேம்புலி இந்த மூவரிடம் போய்ச் சேர்ந்தது. நான் என்ன செய்ய?

அதிலும் வேம்புலிக்கு இது வாழ்வா சாவா விஷயம். “வேலை நிரந்தரமானால்தான் பெண்ணைத் தருவேன்” என்று மாமனாராகப் போகிறவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மாநகராட்சிப் பொறியாளர் தமயந்தி காற்றுப் பிடிக்கும் பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்தார்.

“பஸ் ஸ்டாண்டு, செங்கல் சூளை, மீன் சந்தை. மூணு இடத்துக் காத்தையும் தனித்தனியா பிடிச்சுட்டு வாங்க. ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாது. ஒரு பை குறைஞ்சாலும் வேலை கிடையாது.”

கூடவே ஒரு பை அதிகமாகக் கொடுத்தார். ஆளைப் பார்த்தாலே எடைபோடத் தெரிந்தவர்.

பிடித்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் பைகளைத் தள்ளித் தள்ளி மூன்று சீட்டில் உட்காரவைத்துவிட்டு, இவர்கள் நின்றுகொண்டார்கள்.

“காலிப் பைக்கு எதுக்குய்யா சீட்டு?” என்று கண்டக்டர் கத்தினார்.

“காலியா? உள்ள பஸ் ஸ்டாண்டே இருக்கு சார்” என்றான் சடையன் மரியாதையாக.

அந்த நேரம் பார்த்து, பலாப்பழத்தோடு ஏறிய ஓர் அம்மா மீன் சந்தைமேல் உட்கார்ந்தார். டமார்!

“ஐயையோ, என் கல்யாணம் போச்சே!” என்று வேம்புலி தலையில் அடித்துக்கொண்டான்.

“ஜன்னலைச் சாத்துங்க! மீன் சந்தை இன்னும் பஸ்ஸுக்குள்ளதான் இருக்கு!” என்றான் அங்கமுத்து.

சாத்தினார்கள். ஜனங்கள் வெந்துபோனார்கள். மிச்சமிருந்த பையை விரித்துக்கொண்டு மூவரும் முன்னும் பின்னும் துரத்தினார்கள்.

“பலாப்பழ வாசனை வருதேடா” என்று பையை மோந்து பார்த்தான் சடையன்.

“அப்போ கலந்துபோச்சு. மேடம் ஒத்துக்க மாட்டாங்க” என்றான் அங்கமுத்து.

கண்டக்டர் விசிலடித்து இறக்கிவிட்டார். நடுரோட்டில் ஆலோசனை நடந்தது.

“வேம்புலி, நீ எங்கடா பொறந்தே?” என்றான் அங்கமுத்து.

“மீன் சந்தையில.”

“வளர்ந்தது?”

“அங்கேயேதான்.”

“அப்போ இத்தனை வருஷமா நீ இழுத்தது எந்த ஊர்க் காத்து? சரக்கை வயித்துல வச்சுக்கிட்டுத் தேடுறியே! ஊதுடா!”

வேம்புலி கண் பிதுங்க ஊதினான். பை நிறைந்தது.

சோதனை முடிவு வந்ததும் தமயந்தி மூவரையும் கூப்பிட்டார். “மூணு பையும் வந்துருச்சு, உங்க வேலை நிரந்தரம். ஆனா அந்த மீன் சந்தைக் காத்து இருக்கே, மனுஷன் சுவாசிக்கவே லாயக்கில்லை. இனி அது ஊருக்குள்ள இருக்கவே கூடாது!”

மற்ற இரண்டு பேரும் வேம்புலியைத் திரும்பிப் பார்த்தார்கள். வேம்புலி சட்டென்று மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் மூச்சை ஊருக்குள் இழுப்பான். விடுவதற்கு எல்லைக்கு ஓடுவான். வேலை நிரந்தரம் என்றதும் மாமனார் மற்றதைக் கண்டுகொள்ளவில்லை. எல்லைக்கல் பக்கத்திலேயே பந்தல் போட்டார். பெண் இந்தப் பக்கம் உட்கார, மாப்பிள்ளையின் மூக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க, தாலி ஏறியது.

பக்கத்து ஊர்க்காரர்கள் கம்போடு வந்துவிட்டார்கள். “உங்க கெட்ட காத்தை எங்க ஊருக்குள்ள விடுறீங்களே, நியாயமாடா இது?”

சடையன் கைகூப்பினான். “பயப்படாதீங்கண்ணே. உங்க ஊர்ல இன்னும் அளக்கவே இல்லையே!”

அதுவும் சரிதான் என்று அவர்கள் கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்கள்.