காணாமல் போன நைட்ரஜன்

அந்தக் கல்லூரியில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அப்படியே மிச்சம் இருந்தது. இயற்பியல் துறைக்குத் தலைவர் ஞானசிகாமணி. அவருக்கு வாய்த்த உதவியாளர்கள் தில்லைநாயகியும் சவரிமுத்துவும்.

அன்று நாலு மணிக்குள் நைட்ரஜனின் மின்குணத்தை அளந்து காட்டாவிட்டால் ஆய்வகத்தைக் கேன்டீனுக்குக் கொடுத்துவிடுவதாக முதல்வர் சொல்லிவிட்டார். அளக்கத் தெரிந்த ஒரே அம்மாள் பிரசவ விடுப்பில் இருந்தார். போகும்போது பாவம், நம்பிக்கையோடு ஒரு தாள் எழுதிவைத்திருந்தார்:

"செம்பு டப்பாவிலிருந்து பம்பு போட்டுக் காற்றை எடுங்கள். காலி என்று உறுதிசெய்துவிட்டு மைக்ரோவேவ் அலையை அனுப்பி, டப்பா எந்த அதிர்வெண்ணுக்கு ஒத்து அதிர்கிறது என்று குறியுங்கள். பிறகு நைட்ரஜனை நிரப்பி, நிரம்பியதை உறுதிசெய்து, மறுபடி குறியுங்கள். வித்தியாசத்தை வைத்துக் குணத்தைக் கணக்கிடலாம்."

பம்பு ஓடி நின்றது.

"காலிதானே சார்?" என்றாள் தில்லைநாயகி.

"திறந்து பார்க்காம எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?" என்றார் தலைவர்.

மூடி லேசில் வரவில்லை. மூவரும் சேர்ந்து இழுக்க, 'புஸ்' என்று திறந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. திருப்தியாக மூடிவிட்டு, அலையை அனுப்பி எண்ணைக் குறித்தார்கள்.

நைட்ரஜனை நிரப்பியதும் மறுபடி திறந்து டார்ச் அடித்தார்கள்.

"சார், இப்பவும் காலி!" என்று சவரிமுத்து கத்தினான். மூடிவிட்டு அளந்தால் எண்ணும் மாறவில்லை.

"திருட்டுப் போயிருக்கு. ஆள் அடையாளம் சொல்லு."

"நிறம் இல்லை சார். வாசனையும் இல்லை."

"தப்பிக்கிறதுக்குன்னே பிறந்திருக்கு!"

மணி மூன்றரை. தலைவருக்கு அழுகையே வந்துவிட்டது. "இருபது வருஷமா உட்கார்ந்த இடம். நாளைக்கு இங்கே வெங்காய மூட்டையை அடுக்குவாங்க."

தில்லைநாயகி யோசித்தாள். "கதவு சாத்தித்தானே இருக்கு? இந்த ரூம்ல மூச்சு இழுத்தது நாம மூணு பேர்தான் சார்."

மூவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"எடுத்தவங்க மரியாதையா திருப்பிக் கொடுத்துடுங்க" என்ற தலைவர், முன்மாதிரியாகத் தானே முதலில் டப்பாவுக்குள் ஊதினார். மற்ற இருவரும் தலையைக் குனிந்தபடி ஊதினார்கள். டப்பாவின் உள்சுவர் ஈர மூச்சில் மங்கியது. மூடிவிட்டு அளந்தால், எண் சரசரவென்று இறங்கியது! மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

நாலு மணிக்கு முதல்வர் வந்தார். வித்தியாசத்தைப் பார்த்து அசந்துபோனார். நைட்ரஜன் களவு போனதையும் மீட்கப்பட்டதையும் தலைவர் விவரமாகச் சொன்னார்.

"ஆய்வகம் இனி உங்களுக்குத்தான்" என்று கைகொடுத்த முதல்வர், வாசல்வரை போய், கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நீங்க நிரப்பும்போது நானும் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன்யா. ஒரு மூச்சு இழுத்துட்டேன். என் பேரை மட்டும் எழுதிடாதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மூடியைத் திறந்து, உள்ளே நீளமாக ஒரு தடவை ஊதினார்.