தெற்குக் கதவு

மடத்தின் புதிய அன்னதானக் கூடத்தை வெள்ளிக்கிழமை திறப்பதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை நகராட்சி ஆய்வாளர் வளர்மதி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி தெற்குச் சுவரின் முன் நின்றார். வரைபடத்தில் அங்கே ஒரு கதவு இருந்தது. சுவரில் இல்லை.

"கதவு எங்கே சார்?"

கட்டட வேலையைக் கவனித்துக்கொண்ட சீடர் திருமேனி தொண்டையைச் செருமினார். "வாஸ்து பார்த்தவர் தெற்கு வாசல் ஆகாதுன்னுட்டார். அதான் அடைச்சுட்டோம்."

"இருக்கிற ஒரே வாசல் அடுப்படியை ஒட்டி இருக்கு. அங்கே தீப்பிடிச்சா ஜனங்க எந்தப் பக்கம் ஓடணும்னு அவர் சொன்னாரா?"

அதைப் பற்றி வாஸ்து நூல்களில் ஏதாவது இருக்கிறதா என்று திருமேனி உண்மையாகவே ஒரு கணம் யோசித்தார்.

அறுநூறு பேர் உட்காரும் கூடத்துக்கு ஒரே வாசல் என்றால் சான்றிதழ் தர முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்டார் வளர்மதி. மோர் கொடுத்தார்கள். வேலை நேரத்தில் எதுவும் வாங்கிக்கொள்வதில்லை என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டை அளக்கப் போனார்.

திருமேனி குருவிடம் ஓடினார். குருவைவிட அவர் ஒன்பது வயது மூத்தவர், ஆனாலும் ஓடினார்.

"சாமி, அழைப்பிதழ் ஊரெல்லாம் போயாச்சு. கூடம் திறக்கலைன்னா மடத்துக்கு என்ன மரியாதை? அமைச்சர் உங்க பக்தர். ஒரு போன் போட்டா முடிஞ்சுது."

குரு எழுந்து கூடத்துக்கு வந்தார். அடைத்த இடத்தைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க."

"ஒன்பது அங்குலச் சுவர், சாமி." குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

"வெள்ளிக்கிழமை வெளியே பந்தல் போட்டு இலை போடுங்க."

"பந்தல்லயா?"

"வெயிலா இருந்தா நான் விசிறுறேன்."

திருமேனி அசையவில்லை. குரு கேட்டார்:

"தினமும் பந்தி முடிஞ்சதும் என்ன வேண்டிக்கிறோம்?"

"சாப்பிட்டவங்க ஒருத்தருக்கும் ஒரு குறையும் வரக்கூடாதுன்னு."

"எத்தனை வருஷமா?"

"பதினெட்டு வருஷமா."

படிக்கட்டில் வளர்மதி குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார். குரு அந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். பிறகு மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துத் திருமேனியிடம் நீட்டினார்.

"பதினெட்டு வருஷமா கேட்டது இன்னிக்கு ஸ்கூட்டர்ல வந்து இறங்கியிருக்கு. போன் போட்டு, வேண்டாம்னு சொல்லச் சொல்றீங்களே."