மச்சத்துக்குப் போட்ட பந்தல்

தருவைமேட்டு ஜனங்களைக் குறை சொல்லுகிறவர்கள் நாக்கைக் கழுவிக்கொள்ள வேண்டும். சொன்ன பேச்சைத் தட்டாத ஜனம் அது. உட்கார் என்றால் உட்காரும். எதன்மேல் உட்கார் என்று சொல்லாமல் விட்டால் அது சொன்னவர்கள் தப்பு.

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் அவர்களுக்கு வேலை. கண்ணுக்கு எட்டின மட்டும் ஒரு மரம் கிடையாது. காக்காய் நிழலாற வேண்டுமானால் கங்காணி தலையில்தான் வந்து உட்கார வேண்டும். மேலேயிருந்து அடிக்கிறது ஒரு வெயில், உப்பில் பட்டுத் திரும்பி வந்து முகத்தில் அடிக்கிறது இன்னொரு வெயில்.

அங்கே உப்பு வாருகிறவன் சுயம்புலிங்கம். அவன் பெண்சாதி உலகம்மைக்கு உலகத்துக் கவலையெல்லாம் சொந்தம். மழை பெய்தால் உப்பு கரையுமே என்று கவலைப்படுவாள். பெய்யாவிட்டால் குடிக்கத் தண்ணீருக்கு எங்கே போக என்று கவலைப்படுவாள். இரண்டும் இல்லாத நாளில், இன்றைக்கு என்ன கவலையையே காணோம், ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்.

ஆனால் இந்தத் தடவை வந்தது நிஜமான கவலை. புருஷன் பிடரியில் கடுகு மாதிரி இருந்த மச்சம், புளியங்கொட்டை மாதிரி ஆகிவிட்டது. ஓரமெல்லாம் கோணிக்கொண்டு போனது. சொறிந்தால் ரத்தம் கசிந்தது.

"மச்சம் வளந்தா அதிர்ஷ்டம் வளருதுன்னு அர்த்தம்லா? இதுக்குப் போயி அழுவியாக்கும்?" என்றார் தங்கபூபதி. ஊரில் புத்திசாலி அவர்தான். எதைச் செய்வதானாலும் அவரைக் கேட்டுத்தான் செய்வார்கள். செய்து கெட்டுப்போன பிறகும் அவரிடமே வந்து கேட்பார்கள்.

"அதிர்ஷ்டத்துல ரத்தம் வருமா அண்ணாச்சி?"

"வரும். சிவப்பு மங்களமான நெறம்தானே."

உலகம்மைக்கு அன்றைக்கும் தூக்கம் பிடிக்கவில்லை.

அப்படியிருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை, தோல் டாக்டரம்மா ஒருவர் வேனில் வந்து இறங்கினார். உப்பளத்து ஜனங்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"இந்த வெயில் வருஷம் பூரா தோல்ல ஏறிக்கிட்டே இருந்தா, தோல்ல புற்றுநோய் வரலாம். கறுத்த தோலுக்கு வராதுன்னு தைரியமா இருக்காதீங்க. கொஞ்சம் பேருக்குத்தான் வரும். ஆனா வந்தா, கறுப்புல கறுப்பு தெரியாம முத்திப்போயிடும். காலையில பத்து மணியில இருந்து மூணு மணி வரைக்கும் நிழல்ல இருங்க. தலைக்குப் போட இந்தாங்க தொப்பி. இது கிரீம், வெளியில தெரியுற எடத்துல எல்லாம் தடவிக்கோங்க."

அப்புறம் சுயம்புலிங்கத்தைக் குனியச் சொல்லிப் பிடரியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது எனக்கு நல்லதாப் படலம்மா. அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வரேன், அவர் கட்டாயம் பார்க்கணும். மூணு மணிக்குக் கிளம்பிடுவோம், தவற விட்டுடாதீங்க. இந்த மச்சத்து மேல ஒரு பொட்டு வெயில் படக்கூடாது."

"படாது தாயி," என்றாள் உலகம்மை. அவள் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் விடிந்ததும் ஊரே கிரீமும் கையுமாக நின்றது. முகம், கை, கால் எல்லாம் தடவியாயிற்று. சித்திரைக்கண்ணு என்கிறவள் தன் வீட்டுக் கதவுக்கும், வாசலில் கட்டியிருந்த வெள்ளாட்டுக்கும் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, ஆட்டுக்கு எதுக்கு?" என்றாள் உலகம்மை.

"வெளியில தெரியுற எடத்துல எல்லாம்னுதானே மதினி சொன்னாவ? ஆடு வெளியிலதானே நிக்கி?"

அது நியாயமாகத்தான் பட்டது. அதற்குள் குருசுமுத்து என்கிறவன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான்.

"அண்ணாச்சி, பல்லுக்குத் தடவணுமா?"

தங்கபூபதி வெகுநேரம் யோசித்தார். "சிரிச்சா வெளியில தெரியும். வாயை மூடுனா தெரியாது. ஆகையினால, சிரிக்கிறவன் தடவணும். தடவாதவன் சிரிக்கக்கூடாது."

குருசுமுத்துவின் கிரீம் அவன் வீட்டு ஆட்டோடு தீர்ந்துபோயிருந்தது. பாவம், அன்றைக்கு முழுக்க எழவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். சிரிப்பு மூட்டினவர்களை அடிக்கப் போனான்.

அடுத்தது தொப்பி. டாக்டரம்மா கொடுத்த தொப்பி நல்ல தொப்பிதான். ஆனால் உப்பு சுமக்கிற ஓலைப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பெட்டிதான் பெரிசாக இருந்தது.

"எது பெரிசோ அதுல நிழல் ஜாஸ்தி," என்றார் தங்கபூபதி. ஆகவே பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். பெட்டி தோள்வரைக்கும் இறங்கியது. உப்பை எதில் சுமப்பது? தொப்பியில் சுமந்தார்கள். கண் தெரியாமல் வரப்பில் எதிரும் புதிருமாக நடந்து, பெட்டியும் பெட்டியும் மோதி, பாத்தியிலே விழுந்து, எழுந்திருக்கும்போது யார் பெட்டி யார் தலையில் என்று சண்டை வந்தது. உலகம்மை வேறொருத்தி புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதி தூரம் போய்விட்டாள். பிடரியைத் தடவிப் பார்த்து, மச்சம் இல்லையென்றதும் அலறிக்கொண்டு திரும்பி வந்தாள்.

பத்து மணி ஆனதும் தலைவலி ஆரம்பித்தது. நிழலில் இருக்க வேண்டும். நிழல் எங்கே இருக்கிறது?

"ஆளுக்கொரு நிழல் இருக்குலா. ஒருத்தன் நிழல்ல ஒருத்தன் நில்லு," என்றார் தங்கபூபதி.

வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற சித்திரைக்கண்ணு கத்தினாள்: "எனக்கு நிழல் எங்க? நான் மட்டும் பெத்த பிள்ளையில்லையா?"

"அப்ப வட்டமா நில்லுங்க. வட்டத்துல முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது."

வட்டமாக நின்றார்கள். நிழலெல்லாம் ஒரே பக்கமாக விழுந்தது. அதைப் பிடிக்க வட்டமும் அந்தப் பக்கமாக நகர்ந்தது. நிழலும் நகர்ந்தது. உச்சி வேளைக்கு அவரவர் நிழல் அவரவர் காலடியில் போய் ஒளிந்துகொண்டது. அதன்மேல் எப்படி நின்றாலும் தலை வெளியில் நின்றது. குருசுமுத்து படுத்துப் பார்த்தான். சுயம்புலிங்கம் குத்தவைத்துப் பார்த்தான். உலகம்மைக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் தன் முந்தானையைப் புருஷன் பிடரியில் போட்டு, அதன்மேல் கையை வைத்து, கைமேல் பெட்டியை வைத்து, அப்படியே மூன்று மணிவரைக்கும் நின்றாள்.

அன்று சாயங்காலம் ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தது. நிழலைத் தேடி நாம் ஏன் போக வேண்டும்? வேலை செய்கிற இடத்துக்கு நிழலைக் கொண்டுவந்துவிட்டால் என்ன?

வெகுதூரம் போய்ப் பனையோலை வெட்டிக்கொண்டு வந்தார்கள். பாத்திமேலே பந்தல் போட்டார்கள். உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் பக்கவாட்டில் நுழையுமே என்று, நாலு பக்கமும் ஓலையைத் தொங்கவிட்டுக் கட்டினார்கள். உள்ளே போனால் குளுகுளுவென்று இருந்தது. பெட்டியைக் கழற்றிவிட்டு, உப்பு வாரக் காத்திருந்தார்கள்.

உப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பாத்தித் தண்ணீர் பாயசம் மாதிரி சும்மா கிடந்தது.

கங்காணி வந்தார். ஓலையை விலக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். "எலேய், என்னலே இது? உப்பு எங்கலே?"

"நிழல்ல இருக்கு ஐயா," என்றார் தங்கபூபதி பணிவாக. "நம்ம பாத்தி உப்புக்கு இனிமே புற்றுநோயே வராது."

கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீர் குடித்துவிட்டு, "உப்புத் தண்ணிக்கு வெயிலைக் காட்டுங்கலே!" என்று கத்திவிட்டுப் போனார்.

சொன்ன பேச்சைத் தட்டுவார்களா? குடத்தில் தண்ணீரை மொண்டு வெளியே கொண்டுபோய், "இதான் வெயில், பாத்துக்கோ" என்று காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து பந்தலுக்குள் ஊற்றினார்கள். அதுவும் பத்து மணிக்கு முன்னாலேயே செய்து முடித்தார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கிறபோது உலகம்மைக்கு ஒரே நினைப்பு, வெள்ளிக்கிழமை. பந்தலுக்குள்ளேயும் புருஷன் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஓலையில் ஓட்டை இருந்தால்?

வெள்ளிக்கிழமை வந்தது. வேனும் வந்தது. ஆனால் பதினோரு மணிக்கு வந்தது. உப்பளத்தின் அகலமான கரையில், வெட்டவெளியில் போய் நின்றது.

பந்தலுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"போகணுமே," என்றாள் உலகம்மை.

"எப்படிப் போறது? பத்துக்கும் மூணுக்கும் நடுவுல நிழல்லதான் இருக்கணும்னு அந்த டாக்டரம்மாவே சொல்லியிருக்காவ," என்றார் தங்கபூபதி. "மூணு மணிக்கு வெயிலு விட்டுரும். அப்ப போவோம்."

"மூணு மணிக்கு வேனும் விட்டுரும் அண்ணாச்சி!"

இது யாருக்கும் தோன்றாத பெரிய விஷயமாக இருந்தது. எல்லாரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டாக்டர் பேச்சைக் கேட்டால் டாக்டரைப் பார்க்க முடியாது. டாக்டரைப் பார்த்தால் டாக்டர் பேச்சைக் கேட்காத பாவம். உலகம்மை சுயம்புலிங்கத்தின் பிடரியைப் பார்த்தாள். முந்தாநாளைவிட இன்றைக்கு மச்சம் பெரிசாகத் தெரிந்தது. அவள் வாழ்நாளில் முதல் தடவையாகத் தங்கபூபதியைக் கேட்காமல் பேசினாள்.

"பந்தலைத் தூக்குங்க."

தூக்கினார்கள். கால்களைப் பிடுங்கி, ஆளுக்கொரு காலாகத் தோளில் வைத்துக்கொண்டார்கள். நடுவில் சுயம்புலிங்கம். அவன் பின்னால் குடையோடு உலகம்மை. மச்சம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே என்று, தூக்கினவர்கள் அத்தனை பேரும் அவனைப் பார்த்து உள்பக்கமாகத் திரும்பி நின்றார்கள்.

"முன்னால நடங்க!" என்றார் தங்கபூபதி.

எல்லாரும் முன்னால் நடந்தார்கள். நாலு பக்கத்திலிருந்தும் வந்து சுயம்புலிங்கத்தை நசுக்கினார்கள்.

"எம்மா!" என்றான் அவன்.

"பின்னால நடங்க!"

நாலு பக்கமும் பின்னால் போனார்கள். பந்தல் கிழியப் பார்த்தது.

"முன்னாலயும் வேண்டாம், பின்னாலயும் வேண்டாம்," என்றான் குருசுமுத்து. "சும்மா நடப்போம்."

சும்மா நடந்தார்கள். பந்தல் சுற்றிச் சுற்றி அதே பாத்திக்கே வந்தது. தொங்குகிற ஓலையில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. தலையை நீட்டிப் பார்க்கவும் முடியாது, மணி இன்னும் மூன்று ஆகவில்லை. மூன்றுக்குக் கொஞ்சம் இருக்கும்போது, கிளம்ப நேரமாகிறது என்று வேன் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"சத்தம் வர்ற பக்கமா ஓடுங்க!" என்று உலகம்மை போட்ட கூச்சலில் பந்தல் அப்படியே கிளம்பிவிட்டது. வரப்பில் ஏறி, பாத்தியில் இறங்கி, கங்காணி சைக்கிளை மிதித்து, நேரே போய் வேனில் முட்டி நின்றது.

பெரிய டாக்டர் ஓலையை விலக்கிப் பார்த்தார். உள்ளே கும்பலாகக் கண்கள். நடுவில் ஒரு பிடரி.

"இதுதானா?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு கையுறை போட்டார். வேனுக்குள் படுக்கவைத்து, ஊசி போட்டு மரக்க வைத்து, மச்சத்தை ஓரத்தோடு அறுத்தெடுத்துத் தையல் போட்டு, ஒரு சின்ன பாட்டிலில் மருந்துத் தண்ணீர் விட்டு அதில் போட்டார். உலகம்மை வெளியில் நின்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டு, தெரியாத சாமிக்கும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"ஆழமா இறங்கின மாதிரி தெரியலம்மா," என்றார் பெரிய டாக்டர் இறங்கி வந்து. "டெஸ்ட் பண்ணித்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா இன்னும் ஆறு மாசம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா கஷ்டம். நல்ல வேளை, வந்தீங்க."

உலகம்மை அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தங்கபூபதியும் அழுதார். குருசுமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சுயம்புலிங்கம் பிடரியில் கட்டோடு, புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான்.

டாக்டர்கள் ஏறிக்கொண்டார்கள். பாட்டிலை வேனின் முன்கண்ணாடி ஓரமாக வைத்தார்கள். வேன் கிளம்பியது. சாயங்கால வெயில் கண்ணாடி வழியாக நேரே பாட்டிலில் விழுந்ததை, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த உலகம்மை பார்த்தாள்.

"ஐயையோ! மச்சத்துல வெயில் படுதே! தூக்குங்க பந்தலை!"

"மணி மூணு தாண்டிட்டே மதினி?" என்றாள் சித்திரைக்கண்ணு.

"மூணு மணி நமக்குத்தான்," என்றார் தங்கபூபதி. "மச்சத்துக்கு டாக்டரம்மா மணி சொல்லலை."

அவ்வளவுதான். சுயம்புலிங்கத்தின் தலைக்கு மேலிருந்து பந்தல் எழும்பியது. ஓடிப்போய் வேனைப் பிடித்து, அதன்மேல் கவிழ்ந்து, தூத்துக்குடி ரோட்டில் ஓலை சலசலக்கப் போயிற்று. ஓலைக்குக் கீழே சக்கரம் நாலும், ஊரார் காலும், உலகம்மையின் குடைக்கம்பியும் தெரிந்தன.

"ஏட்டி உலகம்மை! நான் இங்கனல்லா நிக்கேன்!" என்று கத்தினான் சுயம்புலிங்கம், வெட்டவெயிலில் தனியாக.

"நீங்க நில்லுங்க! உங்களுக்கு என்ன, மச்சம் இல்லாத உடம்பு!" என்று பந்தலுக்குள்ளேயிருந்து பதில் வந்தது.

அவனுக்கும் அது சரியென்றுதான் பட்டது. வீட்டைப் பார்த்து இரண்டு அடி நடந்தான். திடீரென்று நின்றான். முதலில் பந்தலிருந்த பாத்திக்கு ஓடி, திறக்காமல் கிடந்த சோற்றுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, வேனுக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தான்.

"ஏய்! நிறுத்துங்க! அந்த மச்சம் மத்தியானச் சோறு இன்னும் சாப்பிடலை!"